எட்டரை மணிப் பையன்

பெரம்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடி போர்ஷனில் ஒரு ஆங்கிலோ-இந்திய டீச்சர் இருந்தார். தெருவுக்கே அவர் 'மிஸ்'. டிசம்பர் 24 ராத்திரி எட்டேகாலுக்கெல்லாம் நான் மாடியில் ஆஜராகிவிடுவேன். பக்தியெல்லாம் இல்லை, குல்குல்தான் காரணம். ஒரு தட்டு குல்குல், ஒரு துண்டு கேக். அதற்கு விலை, ஷார்ட்வேவ் ரேடியோ முன்னால் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பது. (பி.காம். படிப்பதற்கு முன்பே இந்த வரவு-செலவு எனக்குப் புரிந்துவிட்டது.)

சரியாக எட்டரைக்கு, அதாவது லண்டன் நேரம் பகல் மூன்றுக்கு, கரகரப்புக்கு நடுவே ஒரு சின்னப் பையன் தனியாகப் பாட ஆரம்பிப்பான். பக்கவாத்தியம் கிடையாது. மிஸ் கண்ணை மூடிக்கொள்வார். நான் தட்டைக் காலி செய்வேன்.

அந்தப் பையனைப் பற்றிய விஷயம் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் சேப்பல் பாடகர் குழுவில் 16 சிறுவர்கள். பல பேர் அந்த முதல் பாட்டைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். யார் பாடப்போவது என்று யாருக்கும் தெரியாது. ஒலிபரப்பு தொடங்கும் கணத்தில் இசை இயக்குநர் ஒருவனைப் பார்த்துக் கையைக் காட்டுவார். அவ்வளவுதான், பாட வேண்டும். 1982-லிருந்து 2019 வரை இயக்குநராக இருந்த ஸ்டீஃபன் கிளியோபரி இதைத்தான் செய்தார். முதல்நாளே சொல்லிவிட்டால் பையன் ராத்திரி தூங்க மாட்டானாம். நியாயம்தானே?

இந்த நிகழ்ச்சியை வேலைமெனக்கெட்டு எழுதக் காரணம், பண்டிகை ஒலிபரப்பு என்றால் என்ன என்பதை இதைவிடச் சுலபமாகச் சொல்லித்தர வேறு நிகழ்ச்சி இல்லை என்று நான் நினைப்பதுதான். 1918-ல் இதை அங்கே ஆரம்பித்தவர் எரிக் மில்னர்-ஒயிட். முதல் உலகப் போரில் ராணுவப் பாதிரியாராக இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். காலேஜிலிருந்து போரில் செத்துப்போன பையன்கள் எத்தனையோ பேர். அதனால்தான் அவர் எழுதிய ஆரம்பப் பிரார்த்தனையில் ஏழைகள், நோயாளிகள், துக்கத்தில் இருப்பவர்கள், இறந்துபோனவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. பண்டிகை நாளில் யார் வீட்டில் நாற்காலி காலியாக இருக்கிறதோ அவர்களை முதலில் விசாரித்துவிட்டுத்தான் பாட்டு.

1928-ல் பி.பி.சி. இதை ரேடியோவுக்குக் கொண்டுவந்தது. 1930-ஐத் தவிர ஒரு வருஷமும் நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது சேப்பலின் பழைய வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு பாடினார்கள். பாதுகாப்புக்காக எந்த இடம் என்று ரேடியோவில் சொல்லவே இல்லை. ஆனாலும் பாட்டு வந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒன்பது வாசகங்களும் வருஷா வருஷம் ஏறக்குறைய அதேதான். 1983-லிருந்து வருஷத்துக்கு ஒரு புதுப்பாட்டு எழுதி வாங்குகிறார்கள். சில வருஷம் அது தப்பான கல்யாணத்துக்கு வந்துவிட்ட விருந்தாளி மாதிரி நடுவில் திருதிருவென்று முழிக்கும். ஆனால் வாசிக்கும் வரிசை அழகு. முதல் வாசகத்தைப் பாடகர் குழுச் சிறுவன் படிப்பான், கடைசி வாசகத்தைக் கல்லூரித் தலைவர். சின்னவனுக்குத்தான் முதல் பந்தி.

இதே சேப்பலிலிருந்து டி.வி.க்கும் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அதே குழு, அதே மெழுகுவத்தி. ஆனால் அதை டிசம்பரில் முன்கூட்டியே பதிவு செய்து விடுகிறார்கள். பார்க்க அம்சமாக இருக்கிறது, குரல்களில் ஒரு பிசிறு இல்லை. எனக்கோ அது ஷோகேஸில் வைத்த கேக். ரேடியோவில் அந்தப் பையனின் குரல் உடையலாம், அடி மறக்கலாம். அந்தப் பயம் இருப்பதால்தான் நாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்கிறோம். பயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு சி.டி.

மறுநாள் மூன்று மணிக்கு வரும் ராஜ உரைக்கும் இதுதான் நடந்தது. 1932-ல் ஐந்தாம் ஜார்ஜ் முதன்முதலாக சாண்ட்ரிங்ஹாமிலிருந்து நேரடியாகப் பேசினார். எழுதிக் கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங். ராஜாவின் கை நடுங்கிக் காகிதச் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று மேஜைமேல் தடித்த துணி விரித்தார்களாம். ஏகாதிபத்தியமே ஒரு காகிதத்தின் சரசரப்புக்குப் பயந்த நாள்! 1960-லிருந்து உரையை முன்கூட்டியே பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். நடுக்கம் போச்சு. அதோடு என் ஆர்வமும் போச்சு.

2020-ல் கொரோனா வந்து கிங்ஸ் காலேஜையும் ஒருகை பார்த்தது. சேப்பலில் ஜனங்கள் இல்லை, ரேடியோ நிகழ்ச்சியையும் அந்த வருஷம் முன்னதாகவே பதிவு செய்துவிட்டார்கள். வேறு வழியில்லை. கேட்டேன். சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தம்தான் உறுத்தியது.

நம்மூருக்கு வருவோம். ஒரு எஃப்.எம்.மில் டிசம்பர் 24 அன்று நாள் பூராவும் கேட்டுப் பார்த்தேன். ஜிங்கிள் பெல்ஸ் எத்தனை தடவை என்று எண்ணுவதை மத்தியானத்தோடு நிறுத்திவிட்டேன். (அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற வார்த்தையே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா?) நடுவில் கேக் கடைப் போட்டி, தள்ளுபடி, சினிமாப் பாட்டு. தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே இருந்தார். இதே சிரிப்பு தீபாவளிக்கும் இருக்கும், பொங்கலுக்கும் இருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அன்றைக்கு ரேடியோ கேட்டவருக்கு ஒரே ஒரு வார்த்தை? ஊஹூம். சாந்தோமில் நள்ளிரவுப் பூசை, ஒரு மைக் எடுத்துக்கொண்டு போனால் ஆட்டோ காசுதான் செலவு. செய்யலாமே சார்!

மிஸ் இப்போது மகள் வீட்டோடு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார். நமக்கு எட்டரை என்றால் அங்கே ராத்திரி பதினொன்று. இன்டர்நெட்டில் கேட்கிறோம், இரண்டு பேரும் தனித்தனியாக. என் செல்போனில் வரும் ஒலி எப்போதும் அரை நிமிஷம் லேட். போன டிசம்பரில் பையன் பாட ஆரம்பிப்பதற்குள் மிஸ்ஸிடமிருந்து மெசேஜ் வந்துவிட்டது:

"இரண்டாவது அடியில் கொஞ்சம் நடுங்கினான், கேட்டியா?"

இனிமேல்தான் கேட்க வேண்டும் என்று பதில் போட்டுவிட்டு வால்யூமைக் கூட்டினேன்.