பழஞ்சீனத் திரைத்தட்டிகளை ரசிப்பது எப்படி?

சீன மொழியில் திரைத்தட்டிக்கு வழங்கும் ‘பிங்ஃபெங்’ என்னும் பெயருக்குக் காற்றை மறிப்பது என்று பொருள். காற்றை மறிப்பதோடு கூடத்தைப் பகுக்கவும், அமர்ந்திருப்பவரின் மதிப்பை அவர் முதுகுக்குப் பின்னே நின்று எடுத்துக்காட்டவும் அது பயன்பட்டது. கி.பி. 484இல் இறந்த சீமா ஜின்லொங்கின் கல்லறையில், தாதொங் நகருக்கு அருகே கிடைத்த சிவப்புப் பலகைகளில் நற்குண மகளிரின் உருவங்களும் அவற்றை விளக்கும் எழுத்துகளும் சேர்ந்தே காணப்படுவதால், தட்டி என்பது பார்ப்பதற்கு மட்டுமின்றி வாசிப்பதற்கும் உரியதாக இருந்தமை புலனாகிறது.

எழுத்தே இல்லாத தட்டியையும் வாசிக்கலாம். ஆனால் அதற்குக் கண்ணோடு காதும் வேண்டும். வௌவாலைக் குறிக்கும் சொல்லும் நற்பேற்றைக் குறிக்கும் சொல்லும் ‘ஃபூ’ என்றே ஒலிப்பதால், பிற நாட்டார் பலர் அருவருக்கும் அந்த உயிர் சீனப் பட்டில் மங்கலமாகப் பறக்கிறது. பூச்சாடிக்கு அமைதியின் ஒலி, மானுக்கு அரசுப் பதவியால் வரும் ஊதியத்தின் ஒலி, மீனுக்கு மிகுதியின் ஒலி. தாமரைகளிடையே நிற்கும் கொக்கு வெறும் குளக்காட்சி அன்று. அரசுத் தேர்வுகளில் அடுத்தடுத்து வெற்றி பெறுக என்னும் வாழ்த்து அதன் ஒலிகளில் ஒளிந்திருக்கிறது.

பூத்தையல் தட்டியை நேர் எதிரே நின்று பார்த்துவிட்டு நகர்வது பாதிப் பார்வையே. முறுக்கில்லாத பட்டிழையை மேலும் மெல்லிய இழைகளாகப் பிரித்து நெருக்கமாகத் தைக்கும்போது, தையல் செல்லும் திசைக்கேற்ப ஒளி மாறிப் படுவதால், ஒரே நிற நூலில் தைத்த இறகு பார்ப்பவர் நகர நகர நிறம் மாறுவதுபோல் தோன்றுகிறது. பொன்னிழையோ, பொன் பூசிய காகிதக் கீற்றைப் பட்டு நூலின்மேல் சுற்றிச் செய்யப்படுவது. துணிக்குள் நுழைத்து இழுத்தால் சிதையும் என்பதால், அதனை மேலே படியவைத்துச் சிறு தையல்களால் கட்டுவர். அக்கட்டுகளின் இடைவெளி சீராக உள்ளதா என்று பார்த்தாலே கைத்திறன் விளங்கிவிடும்.

தமிழ்நாட்டுக் கரையின் பெயரைத் தாங்கும் தட்டிகளும் உண்டு. ஐரோப்பிய வணிகக் கப்பல்கள் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியே ஏற்றிச் சென்றமையால் ‘கோரமண்டல்’ எனப்பட்ட இவை, முழுக்க முழுக்கச் சீனாவில், பெரும்பாலும் காங்ஸி பேரரசர் காலத்தில் (1662–1722) செழித்த கலை. பன்னிரண்டு பலகைகள் கொண்டவை மிகுதி. மரத்தின்மேல் களிமண்ணும் சாம்பலும் கலந்த அடிப்பூச்சிட்டு, அதன்மேல் கரிய அரக்கைப் பூசி மெருகேற்றி (இந்த அரக்கு மரத்தின் பால், நம் நாட்டு அரக்கைப்போல் பூச்சி தருவதன்று), உருவத்தின் விளிம்புக் கோட்டை மட்டும் நிறுத்தி உள்ளிடத்தைக் குடைந்தெடுத்து வண்ணம் நிரப்புவர். எனவே முதலில் நோக்க வேண்டியது வண்ணத்தை அன்று, வெட்டுண்டும் அறுபடாமல் நிற்கும் அந்தக் கறுப்புக் கோட்டையே. பக்கவாட்டு வெளிச்சத்தில் அது மேடாகத் தெரியும்.

ஐரோப்பாவில் இத்தகைய தட்டிகளை அறுத்துப் பேழைகளுக்குப் பலகையாக்கியபோது காட்சித் தொடர்ச்சி சிதைந்து, சில இடங்களில் மனிதர் தலைகீழாகவும் நின்றனர். சிதையாத தட்டியை வலப்புறத்திலிருந்து இடப்புறமாகப் பார்த்துவர வேண்டும். தாங் காலத் தளபதி குவோ ட்ஸுயியின் பிறந்தநாள் விழா இவற்றில் விருப்பமான காட்சி. பிறந்தநாள் பரிசாக அளித்த தட்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் வாழ்த்துரை பொறித்திருப்பதால், சுவரையொட்டி நிறுத்திய தட்டியில் யார் யாருக்காகச் செய்வித்தது என்ற செய்தி பார்வையாளருக்கு எட்டாமலே போகிறது.