கப்பல் கதையும் கணக்கும்

விஞ்ஞானி சந்திரசேகரைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளும் மேடைப் பேச்சுகளும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இளைஞர் 1930-இல் கப்பலேறுகிறார், வழியில் ஒரு பேருண்மையைக் காண்கிறார், 1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் எடிங்டன் அவரை எள்ளி நகையாடுகிறார், 1983-இல் நோபெல் பரிசு, சுபம்! மதுரைக் கல்லூரி வகுப்பில் நானும் இதையே சொல்லி வந்தேன். ஒரு மாணவி, “அந்த எல்லை ஏன் சார் வருகிறது?” என்று கேட்டபோதுதான், கதையைச் சொல்லிக் கணக்கை விழுங்கிவிட்டோம் என்று உணர்ந்தேன்.

முதற் குறை, முன்னோரை மறைப்பது. வெண்குறு விண்மீனுக்குக் குவாண்டம் விதியைப் பொருத்தியவர் ஃபௌலர் (1926). சந்திரசேகர் அதனுடன் சார்பியலைச் சேர்த்தார். அதே காலத்தில் ஸ்டோனரும் ஓர் எல்லையைக் கண்டார். சூரியனைப்போல் 1.44 மடங்கு என்ற எண்ணும் கப்பலில் பிறந்ததன்று. 1931-இல் அச்சான கட்டுரையில் இருப்பது 0.91. ஓர் எலெக்ட்ரானுக்குரிய சராசரி நிறையை 2.5 எனக் கொண்டதால் வந்த விடை அது. 2 எனக் கொண்டால் 1.44 வரும்.

இரண்டாவது, பிழையான உவமை. சித்திரைத் திருவிழாக் கூட்டம்போல் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்பார்கள். அன்று, இது மின்விலக்கம் அல்ல. தெப்பக்குளத்துப் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படி நிரம்பினால் அடுத்து வருபவர் மேற்படிக்குத்தான் போகவேண்டும். மேற்படி என்றால் மிகுந்த வேகம். குளத்தைச் சுருக்கினால் படிகளின் உயரம் கூடுகிறது. விண்மீனைத் தாங்கும் அழுத்தம் இதுவே.

மூன்றாவதே பெருங்குறை: ஈர்ப்பின் தனித்தன்மையைச் சொல்லாமை. உப்புக்கட்டி இரு மடங்கானால் அதன் பிணைப்பு ஆற்றலும் இரு மடங்கே. நேர், எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று மறைத்துவிடுவதால் தொலைவிலுள்ள துகளுக்கு வேலையில்லை. ஈர்ப்புக்கு அப்படி மறைப்பு கிடையாது. ஒவ்வொரு துகளும் மற்ற எல்லாவற்றையும் இழுக்கிறது. அடர்த்தி மாறாமல் நிறை இரு மடங்கானால் ஈர்ப்பாற்றல் மூன்று மடங்கையும் தாண்டும்.

இனி எல்லை தானே விளங்கும். விண்மீன் சுருங்கும்போது எலெக்ட்ரானின் ஆற்றல் ஈர்ப்பாற்றலைவிட விரைவாக ஏறுகிறது. ஆகவே சுருக்கம் ஓரிடத்தில் நிற்கிறது. ஆனால் வேகம் ஒளியை நெருங்கியதும் இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறுகின்றன. பிறகு தீர்ப்பளிப்பது துகள்களின் எண்ணிக்கையே. ஒரு துகளுக்குரிய ஈர்ப்பாற்றல் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளர, எலெக்ட்ரானின் ஆற்றல் அதன் கனமூலத்தைப் போலவே வளர்கிறது. எண்ணிக்கை ஓரளவைத் தாண்டினால் ஈர்ப்பே வெல்லும்.

எடிங்டனும் இந்த விளைவைச் சரியாகவே கண்டார். இயற்கை அதை அனுமதிக்காது என்று நம்பியதே அவர் பிழை. வில்லனாக மட்டும் காட்டினால் அந்தப் பாடம் தவறிப்போகிறது.

இன்று ஆய்வுக்கூடங்களில் சிறைப்பட்ட அயனிகளை வரிசையாக நிறுத்தி, நெடுந்தொலைவு விசையால் பருப்பொருள் எந்தெந்தக் குவாண்டம் நிலைகளை எய்தும் என்று ஆராய்கிறார்கள். அந்தக் கதவு நம் மாணவர்களுக்கும் திறக்கவேண்டாமா? அடுத்த முறை கப்பல் கதையைக் கேட்டால், அன்பர்களே, எழுந்து நின்று கணக்கையும் கேளுங்கள்.