பட்டப்படிப்பில் முயற்சியாண்மை: ஒரு விமர்சன நோக்கு

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் முகாமைத்துவ, வணிக பீடங்களில் முயற்சியாண்மை இன்று நிலைபெற்றுவிட்ட ஒரு பாடமாகும். சிறீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனித்துறையே உண்டு. உயர்தர வகுப்பில் வணிகக் கல்வியைப் பயின்ற மாணவர் அதன் அரிச்சுவடியைக் கற்ற பின்னரே பல்கலைக்கழகம் புகுகின்றனர். கலைப்பீட மாணவருக்கும் இதனைப் புகட்டுதல் வேண்டும் என்னும் குரலும் எழுந்துள்ளது. பட்டதாரிகள் தொழில் தேடுவோராக அன்றித் தொழில் வழங்குவோராக வெளியேற வேண்டும் என்பதே இக்குரலுக்கு ஆதாரமான வாசகம். கேட்பதற்கு இனிய வாசகந்தான். ஆனால், பட்டதாரிகளின் வேலையின்மைக்கு அரசும் பொருளாதார அமைப்பும் கூறவேண்டிய மறுமொழியை இளைஞரின் தோளிற் சுமத்திவிடும் வசதியும் அதற்கு உண்டு. ஆகவே, இப்பாடம் தேவையா என்ற வினாவிலும் பார்க்க, இதன் பெயரால் எது கற்பிக்கப்படுகின்றது என்ற வினாவே முதன்மையானது.

பல்கலைக்கழகப் பாடம் என்ற வகையில் இதற்கு அதிக வயதில்லை. 1947இல் ஐக்கிய அமெரிக்காவின் ஹாவார்ட் வணிகக் கல்லூரியில் மைல்ஸ் மேஸ் என்பவர் நடத்திய பாடநெறியையே இதன் தொடக்கமாகக் கொள்வர். அது பட்டப்பின் மாணவருக்கு உரியதாக இருந்தது. போர் முடிந்து, அகவை முதிர்ந்து, தொழிலொன்றைத் தொடங்கும் அவாவோடு வந்தோர் பலர் அக்காலத்து வகுப்புகளில் இருந்தனர். பாடசாலையிலிருந்து நேரே வரும் மாணவருக்கு அதனைக் கற்பிக்கும்போது எழும் இடர்ப்பாடு வேறு வகையினது.

இங்கு வழங்கும் பாடக் குறிப்புகள் பெரும்பாலும் வரைவிலக்கணங்களின் தொகுப்பாகவே அமைகின்றன. முயற்சியாளர் புத்தாக்கம் செய்பவர், இடர் ஏற்பவர், தன்னம்பிக்கை மிக்கவர், தலைமைத்துவம் உடையவர் எனப் பண்புகள் அடுக்கப்படும். பரீட்சையில் அவை அவ்வாறே திருப்பி ஒப்புவிக்கப்படும். விடையை அணிசெய்ய ஆள்வினையுடைமை அதிகாரத்திலிருந்து ஒரு குறளும் இடம்பெறும். இந்த அடுக்கில் ஒன்றோடொன்று பொருதும் கொள்கைகள் அருகருகே அமைதியாக அமர்ந்திருப்பதை எவரும் கவனிப்பதில்லை. 1755இல் வெளியான நூலில் றிச்சாட் கன்ரில்லன், அறிந்த விலைக்கு வாங்கி அறியாத விலைக்கு விற்பவரையே முயற்சியாளர் என்றார். நிச்சயமற்ற வருவாயில் வாழ்வோர் என்ற அடிப்படையில் இரப்போரையும் கள்வரையுங்கூட அவர் அவ்வகுப்பிற் சேர்த்தார். 1911இல் ஜோசப் சும்பீற்றர் எழுதியது இதற்கு மாறானது. புதிய சேர்க்கைகளை நடைமுறைக்குக் கொண்டுவருதலே முயற்சியாளரின் தொழிற்பாடு. இடர் மூலதனத்தை வழங்குபவரைச் சார்ந்ததேயன்றி முயற்சியாளரைச் சார்ந்ததன்று என்பது அவரது திட்டவட்டமான நிலைப்பாடு. புதியதைச் செய்து முடித்து, வழமையான நிருவாகத்தில் அமர்ந்ததும் ஒருவர் முயற்சியாளர் என்ற நிலையையே இழந்துவிடுகிறார் என்றும் அவர் கொண்டார். அவருக்கு அது ஒரு தொழிற்பாடு. குறிப்புகளுக்கோ அது ஒரு குணம். சும்பீற்றரின் பெயரை முதல் வரியில் எழுதி, இரண்டாம் வரியில் ‘இடர் ஏற்பவர்’ என எழுதும் மாணவருக்கு முழுப்புள்ளி கிடைக்குமாயின், அங்கே கற்பிக்கப்படுவது கோட்பாடன்று.

தொழிற்பாடு குணமாக மாறியதற்கு அமெரிக்க உளவியலாளர் டேவிட் மக்லெலண்டுக்குப் பெரும் பங்குண்டு. 1961இல் வெளிவந்த அவரது நூல், ஒரு சமூகத்தின் பொருளாதார வளர்ச்சியை அச்சமூகத்தவரின் சாதனை வேட்கையோடு தொடர்புபடுத்தியது. அவ்வேட்கையைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்பதைக் காட்ட, 1964இல் ஆந்திரத்துக் காக்கிநாடா நகர வணிகரிடையே அவர் பயிற்சிகளை ஒழுங்குசெய்தார். பயிற்சி பெற்றோர் பின்னர் கூடிய முனைப்போடு தொழிற்பட்டனர் என்பது அவர் கண்ட முடிவு. அம்முடிவை ஏற்றுக்கொண்டாலும் ஒன்றை மறத்தலாகாது. காக்கிநாடாவிற் பயின்றோர் ஏற்கெனவே கடையும் கையிருப்பும் வாடிக்கையாளரும் உடையோர். வேட்கை வளர்ந்தபோது அதைச் செலுத்துவதற்கு அவர்களிடம் ஒரு களம் இருந்தது. விடுதி அறையிலிருந்து விரிவுரைக்கு வரும் மாணவரிடம் அந்த வேட்கையை மாத்திரம் வளர்ப்பதன் பயன் யாது?

இவ்வினாவுக்கு விடைகாண வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சுரேஷ் டி மெல், மக்கென்சி, வூட்றப் ஆகிய இருவரோடு சேர்ந்து நடத்திய ஆய்வுகள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுவன. காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் இயங்கிய மிகச் சிறு தொழில் முயற்சிகளிற் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தெரிந்து, 10,000 ரூபா அல்லது 20,000 ரூபா பெறுமதியான கொடையை அவர்கள் வழங்கினர். 2008இல் வெளியான முடிவுகளின்படி அம்மூலதனம் சராசரியாக மாதமொன்றுக்கு 5 சதவீதமளவில் வருவாய் ஈட்டியது. வங்கி வட்டியிலும் பார்க்க இது மிக உயர்ந்த வீதமாகும். அம்மனிதரிடம் குறைந்திருந்தது வேட்கையன்று, பணம். ஆனால், 2009இல் வெளியான கட்டுரை மேலுமொரு உண்மையைக் காட்டியது. இலாப உயர்வு ஆண்கள் நடத்திய தொழில்களிலேயே காணப்பட்டது. பெண்கள் நடத்தியவற்றில் அது காணப்படவில்லை. பணத்தின் இன்மையோடு மாத்திரம் முடியாத தடைகளும் உள என்பது இதனாற் பெறப்படும். முயற்சியாண்மை என்ற சொல்லில் உள்ள ‘ஆண்மை’ ஆளும் தன்மையையே குறிப்பது என்று சொல்லாக்கக்காரர் அமைதி கூறலாம். நடைமுறையில் அச்சொல் தன் மற்றப் பொருளையும் கைவிடவில்லை போலும்.

அவர்களே 2014இல் வெளியிட்ட ஆய்வு பயிற்சியைப் பற்றியது. ஏற்கெனவே தொழில் நடத்திய பெண்களிடம் பயிற்சி மாத்திரம் இலாபத்தை உயர்த்தவில்லை. பயிற்சியோடு பணமும் வழங்கப்பட்டபோது உயர்ந்த இலாபமும் நீடிக்கவில்லை. புதிதாகத் தொடங்க விரும்பிய பெண்களைப் பயிற்சி விரைவாகத் தொழிலில் இறக்கியது. அவர்களது தொழில் நடைமுறைகளையும் இலாபத்தையும் மேம்படுத்தியது. ஆயினும், இறுதிக் கணிப்பில் தொழில் நடத்துவோரின் தொகையை அது கூட்டவில்லை. கற்பித்தல் வீண் என்பதற்கு இது சான்றாகாது. தொடங்குவோருக்கு அது உதவுகின்றது. ஆனால், கற்பித்தலாலேயே முயற்சியாளர் பெருகுவர் என்ற நம்பிக்கையை இது ஆட்டங்காணச் செய்கின்றது.

இதே பாடம் வடபகுதியின் பொருளாதார வரலாற்றில் முன்னரே எழுதப்பட்டிருக்கின்றது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கை செழித்தது. வன்னியில் முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற இடங்களிற் குடியேறிய படித்த வாலிபர்கள் நீரிறைக்கும் இயந்திரத்தோடும் கடனோடும் மண்ணில் இறங்கினர். புதிய பயிர், புதிய நிலம், புதிய சந்தை என்ற வகையிற் சும்பீற்றர் கூறிய புதிய சேர்க்கைக்கு இதனிலும் பொருத்தமான உள்ளூர் உதாரணம் கிடைத்தல் அரிது. அவர்கள் எவரும் முயற்சியாண்மையை ஒரு பாடமாகக் கற்றவரல்லர். 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இறக்குமதி பெருகியபோது அதே மனிதர், அதே உழைப்போடு, பெரும் பின்னடைவைக் கண்டனர். அவர்களது சாதனை வேட்கை ஓரிரு ஆண்டுகளில் வற்றிப்போயிற்று என்று எவரும் வாதிடார். தென்னிலங்கை நகரங்களிற் காரைநகர், புங்குடுதீவு முதலான இடத்தவர் தலைமுறைகளாக நடத்திய கடைகளின் கதையும் இவ்வாறானதே. உறவினர் கடையிற் சிறுவயதிலே கையாளாகச் சேர்ந்து, நம்பிக்கையையும் கடனையும் படிப்படியாக ஈட்டி, தனிக்கடை வைத்தவர் பலர். 1983 யூலையில் எரியூட்டப்பட்டவற்றுள் அத்தகைய கடைகளும் இருந்தன. எந்தப் பண்புப் பட்டியலும் அத்தீயை விளக்காது. ஆட்டத்தின் விதிகளே முயற்சி எத்திசையிற் பாயும் என்பதைத் தீர்மானிக்கின்றன என 1990இல் வில்லியம் போமோல் எழுதிய கட்டுரையை, இந்நாட்டு மாணவருக்கு இவ்வரலாற்றோடு சேர்த்துக் கற்பித்தல் தகும்.

பாடத்தை ஆதரிப்போர் கூறும் நியாயமொன்றையும் நோக்குதல் வேண்டும். தொழில் தொடங்காவிடினும் மாணவரின் மனப்பாங்கு மாறும் என்பர். ஒல்லாந்துக் கல்லூரியொன்றில் மாணவர் சிறு கம்பனி அமைத்து நடத்தும் பாடநெறியை ஆராய்ந்து ஊஸ்ரபேக்கும் அவருடைய சகாக்களும் 2010இல் வெளியிட்ட முடிவு சுவையானது. மாணவரின் திறன்களில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. முயற்சியாளராகும் எண்ணமோ குறைந்துவிட்டது. இதைத் தோல்வி என்று அவசரப்பட்டுக் கூறத் தேவையில்லை. தொழிலின் கடுமையை அண்மையிற் கண்டவர் தம்மைப் பற்றித் தெளிவான கணிப்புக்கு வந்திருக்கலாம். தகுதியற்ற முயற்சியில் குடும்பத்தின் நிலத்தையும் நகையையும் ஈடுவைக்காமல் ஒருவரைத் தடுக்கும் கல்வி பயனுள்ள கல்வியே. ஆனால், எத்தனை பட்டதாரிகள் தொழில் தொடங்கினர் என்ற எண்ணிக்கையால் பாடத்தை அளப்பவர் இப்பயனைக் காணமாட்டார்.

அரசின் போக்கிலும் ஒரு முரண்பாடு உண்டு. தொழில் வழங்குவோராகுங்கள் என்று பட்டதாரிகளுக்கு உபதேசிக்கும் அதே அரசு, வேலையற்ற பட்டதாரிகள் வீதிக்கு வரும்போது அவர்களைத் தொகையாகச் சேவையிற் சேர்ப்பது வழக்கம். 2020இலும் பல்லாயிரவர் பயிலுநராகச் சேர்க்கப்பட்டனர். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் அப்பக்கமிருக்க, ஈடில்லாமற் கடன் தராத வங்கி இப்பக்கமிருக்க, அரச வேலையை நாடும் மாணவரை ஊக்கமற்றவர் என்பது நேர்மையன்று. அவரும் இடரை நன்கு கணித்தவரே.

இப்பாடத்தின் ஒப்படைகளை மாற்றுவதிலிருந்து திருத்தத்தைத் தொடங்கலாம். இல்லாத நிறுவனத்துக்குக் கற்பனை இலாபம் காட்டும் வணிகத் திட்டத்தை எழுதச் செய்வதிலும் பார்க்க, மாணவர் தம் ஊரில் உள்ள அரிசி ஆலையையோ, தையற் கடையையோ, மூடப்பட்டுவிட்ட சவர்க்காரத் தொழிலகத்தையோ ஒரு தவணை முழுவதும் ஆராயலாம். முதல் எங்கிருந்து வந்தது, யார் பிணை நின்றார், கணக்கேட்டைக் கவனித்த மனைவியின் பெயர் உறுதியில் இருந்ததா, 2022இன் நெருக்கடியில் மூலப்பொருள் எவ்வாறு பெறப்பட்டது, கடை ஏன் மூடப்பட்டது என்பன அவர்கள் கேட்கவேண்டிய வினாக்கள். இவற்றுக்கு விடைதேட வணிக பீடத்து விரிவுரையாளர் மாத்திரம் போதார். அதே வளாகத்தில் உள்ள பொருளியல், சமூகவியல், வரலாற்றுத் துறையினரும் அவ்வகுப்பறைக்கு அழைக்கப்படுதல் வேண்டும்.