‘ராஜி’ காணொளி விளையாட்டும் இரணியனின் குரலும்: நிறைகுறை மதிப்பீடு

முன்னுரை

தஞ்சாவூரை அடுத்த மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியையொட்டிப் பாகவத மேளா நிகழ்கிறது. சம்பா அறுவடை முடிந்து, மேட்டூர் நீர் குறுவைக்கு வந்துசேரும் முன்னர் அமையும் ஓய்வுக்காலம் அது. இரவில் தொடங்கும் பிரகலாதன் கதை விடியலை நெருங்கியே நிறைவுறும். தேவர்க்கும் அசுரர்க்கும் இடையிலான பகையை இன்றைய இளைஞர் பார்வையாளராக மட்டுமன்றி, திரையில் ஆடுபவராகவும் அறிகின்றனர். புனே நகரைச் சார்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ அத்தகைய விளையாட்டுகளுள் குறிப்பிடத்தக்கது. காட்சியிலும் உடலசைவிலும் சிறந்து நிற்கும் இவ்விளையாட்டு, அசுரனுக்குரிய குரலை வழங்காமையால் நாடக நிறைவை எய்தவில்லை என்பதை இக்கட்டுரை காவிரிப் படுகையின் நிகழ்த்து மரபோடு ஒப்பிட்டு நிறுவ முயல்கிறது.

விளையாட்டின் அமைப்பு

ராஜி கழைக்கூத்தாடும் இளம்பெண். விழா நாளொன்றில் அசுரர் புகுந்து குழந்தைகளைக் கவர்ந்து செல்கின்றனர். அவள் தம்பி கோலுவும் அவர்களுள் ஒருவன். துர்க்கை அருளிய திரிசூலத்துடன் ராஜி தம்பியைத் தேடிப் புறப்படுகிறாள். அசுரர் தலைவன் மகாபலாசுரன். நிகழ்வுகளைத் துர்க்கையும் திருமாலும் தமக்குள் உரையாடியவாறே எடுத்துரைக்கின்றனர். இதனைச் செயல்சார் சாகச விளையாட்டு என வகைப்படுத்துவர். எனினும், ஆயுதங்களின் மின்னல், பனி, தீ ஆகிய ஆற்றல்களை ஆடுபவர் படிப்படியாக வளர்த்துக்கொள்ளும் முறை, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளின் இயல்பை ஒத்தது.

இவ்விளையாட்டுக்காக 2017இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மேற்கொள்ளப்பட்ட நிதித்திரட்டல் இலக்கை எட்டவில்லை. சிறிய குழுவொன்று அத்தடையைக் கடந்து உருவாக்கிய இப்படைப்பு, 2020ஆம் ஆண்டின் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் நிறைகுறைகளை மதிப்பிடும்போது இப்பின்னணியையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

நிறைகள்

முதல் நிறை, பாத்திரத்தின் தொழிலும் போர்முறையும் பொருந்தி நிற்பதாகும். ராஜி படைப்பயிற்சி பெற்றவள் அல்லள், கழைக்கூத்தாடி. ஆகவே சுவரில் ஓடியேறிப் பாய்வதும், தூணைப் பற்றிச் சுழன்று தாக்குவதும் அவள் பிழைப்பின் நீட்சியாகவே அமைகின்றன. அவள் யார் என்பதை உரையாடலைவிட உடலே மிகுதியாக உணர்த்துகிறது. உடலசைவையே மொழியாகக் கொள்ளும் இவ்வுணர்வு தஞ்சை மண்ணுக்குப் புதிதன்று. பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் 108 கரணங்களுள் 81 சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன.

இரண்டாவது நிறை, கதைகூறும் வடிவம். முதற்பதிப்பின் இடைக்காட்சிகள் நிழற்பாவைகளால் ஆனவை. வழியிலுள்ள சுவரோவியங்கள் துர்க்கை, திருமால் கதைகளை நினைவூட்டுகின்றன. ராஜஸ்தானத்துக் கோட்டைகளை நினைவுறுத்தும் மாடங்களும் முற்றங்களும் வெறும் பின்னணியாக நில்லாது, ஏறவும் தாவவும் உரிய களங்களாகின்றன. மரபுக் கலை இங்கு ஒட்டப்பட்ட அலங்காரமாகத் தோன்றவில்லை.

குறைகள்

போர்க்காட்சிகளில் தாக்குதலின் துல்லியம் சில இடங்களில் தளர்கிறது. பார்வைக் கோணத்தை ஆடுபவர் தம் விருப்பப்படி திருப்ப இயலாமையால், தாவ வேண்டிய தொலைவைக் கணிப்பது கடினமாகிறது. ஏறத்தாழ 5 முதல் 6 மணி நேரத்தில் முடியும் கதை, ராஜியின் தேடலுக்குத் தெளிவான முடிவின்றித் திடீரென நின்றுவிடுகிறது. இவை பெரும்பாலும் பொருள்வளக் குறைவால் நேர்ந்தவை எனலாம்.

பொருள்வளத்தைக் காரணம் காட்ட இயலாத குறை வேறொன்றுண்டு. மகாபலாசுரன் பெரும்பாலும் பிறர் வாய்மொழியாலேயே அறியப்படுகிறான். அவன் தரப்பு நியாயம், அது பொய்ந்நியாயமே ஆயினும், ஆடுபவர் மனத்தைத் தொடும் அளவுக்கு உருப்பெறவில்லை. எதிர்ப்படும் அசுரர் வெட்டி வீழ்த்தற்கு மட்டுமே உரியவர். விழுந்தவர்க்குப் பெயருமில்லை, உறவுமில்லை. எனவே வெற்றி கைத்திறனின் வெற்றியாக மட்டும் சுருங்குகிறது.

படுகை மரபில் இரணியன்

மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரம் இக்குறையைத் தெளிவாகக் காட்டும் அளவுகோல். அதில் ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய தருவுடன் அரங்கினுள் நுழையும். இரணியனும் அவ்வாறே தன் பெருமையைத் தானே அறிவித்து வருவான். மகனோடு வாதிடுவான், மனைவி லீலாவதியின் மன்றாட்டை எதிர்கொள்வான். தன் உடன்பிறந்தான் இரணியாட்சனைத் திருமால் கொன்றமையே அவன் பகைக்கு வேர். உடன்பிறந்தானை இழந்த துயரே ராஜியையும் இயக்குகிறது. ஒரே துயர் ஒருத்தியை வீராங்கனையாகவும் ஒருவனை அசுரனாகவும் ஆக்குவது எங்ஙனம் என்னும் வினா, விளையாட்டின் வாயில்வரை வந்தும் உள்ளே அழைக்கப்படவில்லை.

கொலையைக் கையாளும் முறையிலும் வேறுபாடு உண்டு. மெலட்டூரில் நரசிம்மர் வேடம் தரிப்பவர் நோன்பிருந்து, கோயிலில் வழிபடப்பெறும் முகமூடியை அணிகிறார். இரவு முழுதும் நிகழும் வாதமும் மன்றாட்டும் அந்த ஒரு சினத்தை நோக்கியே நகர்கின்றன. விளையாட்டிலோ ஒரே முற்றத்தில் பல அசுரர் அடுத்தடுத்து மடிகின்றனர். எண்ணிக்கை கூடுந்தோறும் ஒவ்வொரு மரணத்தின் கனமும் குறைகிறது.

செயல்சார் விளையாட்டில் எதிரியைப் பேசவைத்தல் இயலாது என்று வாதிடுவாரும் இருக்கலாம். அதே 2020இல் முழுமையாக வெளிவந்த ‘ஹேடிஸ்’ இவ்வாதத்தை மறுக்கிறது. கிரேக்கத் தொன்மத்தை ஒட்டிய அவ்விளையாட்டில் மகன் சாக்ரியஸ் இறுதியில் தந்தையையே எதிர்த்துப் போரிடுகிறான். தோற்று வீடு திரும்பும்போது அதே தந்தையோடு பேசவும் வேண்டியிருக்கிறது. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பகை போர்வேகத்தைக் குறைக்கவில்லை. மீண்டும் மீண்டும் போரிடுவதற்குரிய காரணத்தையே அது தருகிறது. ‘ராஜி’யிலும் இரு தெய்வங்கள் ஆட்டம் முழுதும் உரையாடுகின்றன. அவற்றுக்கு மறுமொழி கூறும் மூன்றாம் குரலாக அசுரன் அமைந்திருப்பின், புதிய களமோ புதிய ஆயுதமோ தேவைப்பட்டிராது. தோற்பாவைக் கூத்தில் ஒரே கலைஞர் எல்லாப் பாவைகளுக்கும் குரல் மாற்றிப் பேசுவார். நிழற்பாவையின் தோற்றத்தை எடுத்துக்கொண்ட விளையாட்டு, அதன் குரல்வளத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

முடிவுரை

‘ராஜி’ இந்தியத் தொன்மத்தை அயலார் கண்ணுக்கான காட்சிப்பொருளாக்காமல், ஆடுதற்குரிய களமாக்கியது. கழைக்கூத்தாடும் பெண்ணின் உடலைக் கொண்டே போர்முறையை வகுத்தது அதன் தனிச்சாதனை. ஆயினும் ‘வேடம்’ என்பதன் பொருள் கருவியேந்திப் போரிடுவதோடு முடிவதில்லை. எதிரில் நிற்கும் வேடமும் ஓர் உள்ளம் உடையது என்று உணரும்போதே அது நிறைவுறும். மெலட்டூரில் விடியும்வரை அமர்ந்திருப்போர் இரணியன் வீழ்வான் என்பதை முன்னரே அறிந்தவர். அவன் சொல்வதைக் கேட்கவும் அமர்ந்திருக்கின்றனர். தொன்மத்தை விளையாட்டாக்க முனையும் அடுத்த தலைமுறையினர் இப்படுகையிலிருந்து பெறத்தக்க பாடம் இதுவே.