யாரோடு மோதினார்? குத்துச்சண்டைப் பரம்பரைகளும் அவற்றின் அளவுகோலும்

தென்காசிச் சீமையின் ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் சிலம்பம் தெரிந்த பெரியவர்கள் இருவர் திண்ணையில் அமர்ந்துவிட்டால், பெரிய கம்புக்காரர் யார் என்ற வழக்கு பொழுது சாயும்வரை ஓடும். முடிவில் அது இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும். எந்த வாத்தியாரிடம் பழகினார்? யாரோடு களத்தில் இறங்கினார்? குத்துச்சண்டையில் எவர் பெரியவர் என்பதைத் தீர்ப்பதற்கும் இவற்றைவிட நேர்மையான கேள்விகள் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் குத்துச்சண்டை வடசென்னையின் சொத்து. வெள்ளைக்காரர் காலத்தில் துறைமுகத்தை ஒட்டிய உழைப்பாளர் குடியிருப்புகளில் வேர்விட்ட இந்த ஆட்டத்தை அங்குள்ளவர்கள் 'ரோசமான குத்துச்சண்டை' என்றார்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள் பிரிந்து நின்றன. மேடை ஏறுகிறவர் தனியாளாக ஏறுவதில்லை. அவர் விழுந்தால் வாத்தியாரும் பரம்பரையும் சேர்ந்தே விழுந்த கணக்கு. நாட் டெர்ரி என்ற குத்துச்சண்டைக்காரரை வீழ்த்திய வடசென்னை வீரர் கித்தேரி முத்துவுக்குப் பெரியார் 'திராவிட வீரன்' என்று பட்டம் சூட்டியதாக வடசென்னை இன்றும் பெருமையோடு சொல்கிறது. அவர் மொத்தம் எத்தனை சண்டை வென்றார் என்று அங்கே யாரும் கணக்குச் சொல்வதில்லை. யாரை வென்றார் என்பதைத்தான் சொல்கிறார்கள். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடியபோது திரண்ட கூட்டமும் இந்த மண்ணின் பழக்கம்தான்.

2021இல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தபிறகு இந்தப் பெயர்கள் தென்காசிச் சீமையின் இளைஞர்களுக்கும் மனப்பாடம். அந்தப் படத்தின் டான்சிங் ரோஸ் கைகளைத் தொங்கவிட்டு, இடுப்பை வளைத்து, எதிராளியைக் காற்றில் குத்த வைப்பாரே, அந்த ஆட்டத்தின் மூலம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த பிரெண்டன் இங்கிள் என்ற வாத்தியார் அங்கே தரையில் கோடுகள் போட்டுக் காலடி பழக்கினார். நம் சிலம்ப வாத்தியார்களும் காலடியில்தானே பாடத்தைத் தொடங்குகிறார்கள்! நசீம் ஹமீத் அந்தப் பட்டறையின் புகழ்பெற்ற பிள்ளை. மூத்த பிள்ளை ஹெரால் கிரஹாம் 1998இல் சூப்பர் மிடில்வெயிட் உலகப் பட்டத்துக்காக அமெரிக்கா சென்று, சார்லஸ் புரூவரை இருமுறை வீழ்த்தியும் பத்தாம் சுற்றில் தோற்றார்.

சூப்பர் மிடில்வெயிட் என்பது 168 பவுண்டு, அதாவது 76.2 கிலோ வரையிலான எடைப்பிரிவு. 1984இல் ஐபிஎஃப் என்ற சர்வதேசக் குத்துச்சண்டை அமைப்பின் முதல் பட்டத்தை வென்றவரே எடின்பரோவில் பிறந்த மர்ரே சதர்லாந்துதான். ஆனால் பிரிட்டன் இந்த எடையைத் தன் எடையாக உரிமை கொண்டாடியது தொண்ணூறுகளில், கிறிஸ் யூபேங்க், நைஜல் பென் இருவராலும். 1993 அக்டோபரில் மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு கால்பந்து மைதானத்தில் அவர்கள் மோதிய இரண்டாம் சண்டை சமனில் முடிந்தது.

அந்தக் காலத்தின் விலையையும் சொல்லியாக வேண்டும். 1991 செப்டம்பரில் யூபேங்கோடு மோதிய மைக்கேல் வாட்சன் பதினோராம் சுற்றில் அவரை வீழ்த்தினார். எழுந்த யூபேங்க் விட்ட அடியில் வாட்சனின் வாழ்க்கையே திசைமாறியது. நாற்பது நாள் நினைவின்றிக் கிடந்தார். மேடையருகே தகுந்த சிகிச்சை ஏற்பாடு இல்லாததற்குக் குத்துச்சண்டை வாரியமே பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003இல் அவர் லண்டன் மாரத்தான் தூரத்தை ஆறு நாளில் நடந்து முடித்தார். 1995இல் பென்னிடம் தோற்ற ஜெரால்ட் மெக்கிளெல்லன் பார்வையை இழந்தார். இவற்றை விட்டுவிட்டு வீரப்பட்டியல் மட்டும் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்த பட்டறை வேல்ஸின் நியூபிரிட்ஜில். என்ஸோ கால்சாகி இசைக்கலைஞர். குத்துச்சண்டை ஆடியவரே அல்ல. அவர் பழக்கிய மகன் ஜோ கால்சாகி 46 சண்டைகளில் ஒன்றிலும் தோற்கவில்லை. 1997இல் யூபேங்கை வென்று எடுத்த பட்டத்தை 21 முறை காத்தார். கையைத் திறந்து தட்டுகிறார், குத்துவதில்லை என்று குறை சொல்வார்கள். அந்த வேகத்துக்கு எதிரே நின்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 21இல் பல, எடை குறைந்த பெயர்களோடு நடந்தவை என்பது நியாயமான விமர்சனம்.

நாட்டிங்காமின் கார்ல் ஃபிராச் வேறு ரகம். 2008 டிசம்பருக்கும் 2011 டிசம்பருக்கும் இடையே பாஸ்கல், டெய்லர், டிரெல், கெஸ்லர், ஆபிரகாம், ஜான்சன், வார்டு என இடைவெளியே இல்லாமல் முதல்தரக்காரர்களோடு மட்டுமே மோதினார். டெய்லரிடம் மூன்றாம் சுற்றில் விழுந்து, புள்ளிகளில் பின்தங்கி, கடைசிச் சுற்று முடிய 14 வினாடி இருக்கும்போது அவரை நிறுத்தினார். கெஸ்லரிடமும் வார்டிடமும் தோற்றார். பிறகு கெஸ்லரை மீண்டும் அழைத்து 2013இல் வென்றார்.

நம் நாட்டுக்கும் இந்த எடையில் ஒரு நூலிழை உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 75 கிலோ பிரிவில் பிரிட்டனின் ஜேம்ஸ் டிகேல் தங்கம் பெற்ற மேடையிலேயே பிவானியின் விஜேந்தர் சிங் வெண்கலம் பெற்றார். இருவரும் பின்னர் தொழில்முறையில் சூப்பர் மிடில்வெயிட் ஆனார்கள். டிகேல் 2015இல் உலகப் பட்டம் வென்றார். விஜேந்தர் 2016இல் டில்லியில் கெர்ரி ஹோப்பை வென்று ஆசிய பசிபிக் பட்டம் எடுத்தார். ஒலிம்பிக்கில் அருகருகே நின்ற இருவரும் தொழில்முறை மேடையில் நேருக்கு நேர் நின்றதே இல்லை என்பது என் மனக்குறை.

சரி, பிரிட்டனின் சூப்பர் மிடில்வெயிட்காரர்களில் யார் முதலில்? தோல்வியே இல்லாத கணக்கைக் காட்டி நான் கால்சாகியை முன்னே வைக்கவில்லை. 2006இல் தோல்வி அறியாத ஜெஃப் லேசியைப் பன்னிரண்டு சுற்றும் துவைத்தெடுத்தார். 2007இல் கார்டிஃபில் ஐம்பதாயிரம் பேருக்கு முன்னால், அதுவரை தோற்றிராத கெஸ்லரை வென்றார். ஃபிராச்சுக்கு அதே கெஸ்லரிடம் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. அந்த ஒரு மயிரிழையில்தான் கால்சாகி முந்துகிறார். மூன்றாம் இடத்தில் பலர் யூபேங்கை வைப்பார்கள். பென்னை ஒருமுறை வென்று ஒருமுறை சமன் செய்தவர் அவர். நான் பென்னை வைப்பேன். மெக்கிளெல்லனின் குத்தில் முதல் சுற்றிலேயே கயிற்றுக்கு வெளியே போய் விழுந்து, திரும்ப ஏறிவந்து, பத்தாம் சுற்றுவரை நின்று வென்றவர் அவர்.