பாதி வுண்ட்

எட்வின் போரிங்கின் 'பரிசோதனை உளவியலின் வரலாறு' (1929) நூலில் முதலில் ஈர்ப்பது அதன் ஒழுங்குதான். 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் தூண்டல் ஓடும் வேகத்தை அளக்கிறார். 1860இல் ஃபெக்னர் புலனுணர்வைக் கணக்குக்குள் கொண்டுவருகிறார். 1879இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்டின் ஆய்வுக்கூடம். அவ்வளவுதான், மனம் அறிவியலாகிவிட்டது. என்னைப் போல பொறியியல் படித்தவனுக்கு இது போதும். அளக்க முடிந்தால் நம்பிவிடுவோம்.

ஆனா, கொஞ்சம் நின்னு யோசிச்சா ஒன்று இடிக்கிறது. எதிர்வினை நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடிவரை அளந்த அதே வுண்ட்தான், உயர்நிலைச் சிந்தனை பரிசோதனைக்குப் பிடிபடாது என்றும் சொன்னார். அதற்கு மொழி, தொன்மம், வழக்கம் ஆகியவற்றை ஆராய வேண்டும் என்று 1900 முதல் 1920 வரை பத்துத் தொகுதிகள் எழுதினார். போரிங்கின் நூலில் அவற்றுக்குக் கிடைத்த இடம் சொற்பம்.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. வுண்டின் மாணவர் டிட்ச்னர்; டிட்ச்னரின் மாணவர் போரிங். டிட்ச்னருக்கு ஆய்வுக்கூட வுண்ட் மட்டுமே முக்கியம். போரிங் வேலை பார்த்த ஹார்வர்டிலோ உளவியல் அப்போது தத்துவத்தோடு ஒரே துறையாக ஒட்டிக்கிடந்தது, 1934இல்தான் பிரிந்தது. தனிக்குடித்தனம் போக நினைக்கிறவருக்கு எண்கள் பேசும் தாத்தா தேவை. தொன்மம் பேசும் தாத்தா சங்கடம்.

நூலில் உள்ள உழைப்பு பெரியது. ஆனால் இதை மட்டும் படிச்சிட்டு, மனதை அறிய மொழியும் கதையும் வேண்டாம்னு அறிவியலே சொல்லிவிட்டதாக நம்பினால், வுண்டையே நாம் பாதிதான் படித்திருக்கிறோம்.