சிரிப்பும் சோற்றுப் பங்கும்

திரைப்படத்து விகடப் பாத்திரங்களைப் பற்றிப் பேசுங்கால், "நன்றாகச் சிரிக்க வைத்தார்" என்ற ஒரு சொல்லோடு நம்மவர் நிறுத்திவிடுகின்றனர். எதற்காகச் சிரித்தோம், யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று யோசிப்பவர் மிகச் சிலரே. விகடம் செய்யும் இருவருக்குள் நிலவும் உறவு எத்தன்மையது என்று அறிய விரும்புவோர், அவர்களுடைய சம்பாஷணையைக் காட்டிலும், அவர்கள் நடுவே வைக்கப்பட்ட உணவை யார் எவ்வாறு கருதுகிறார் என்பதைக் கவனித்தால் போதும் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் 1957ஆம் ஆண்டு வெளிவந்த 'மாயா பஜார்' படத்தை எடுத்துக்கொள்வோம். கல்யாண விருந்துக்கென ஆக்கிவைத்த பதார்த்தங்களையெல்லாம் கடோத்கஜன் தனியொருவனாக உண்டு தீர்க்கிறான். எஸ்.வி. ரங்காராவின் நடிப்பைக் கண்டு சிறுவரும் பெரியவரும் ஒருங்கே நகைக்கின்றனர். ஆயினும் அது வெறும் பெருந்தீனியன்று. பாண்டவர் செல்வமிழந்த பின்னர், அபிமன்யுவுக்குப் பேசி வைத்த பெண்ணைப் பணக்கார வீட்டுக்குக் கொடுக்க முனைந்தவர்களின் விருந்து அது. செல்வத்தைக் கொண்டு உறவை அளந்தவர் வீட்டில், அழைக்கப்படாத உறவினன் அண்டாவையே காலி செய்கிறான். அவன் உண்ணும் ஒவ்வொரு கவளமும் அவ்வீட்டாருக்குக் கூறும் மறுமொழியாகும்.

இனி, 1989ஆம் ஆண்டு கங்கை அமரன் இயக்கிய 'கரகாட்டக்கார'னில் வரும் வாழைப்பழக் காட்சிக்கு வருவோம். இதனை அறியாத தமிழர் மலாக்கா வட்டாரத்தில் இருப்பது அரிது. கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். வாதம் வளர்கிறது, அடி விழுகிறது, கொட்டகை அதிர்கிறது.

நேயர்களே, சற்றே நின்று பாருங்கள். ஆள் இருவர், பழமும் இரண்டு. ஆளுக்கொன்று என்னும் எளிய கணக்குக் காசு கொடுத்தவர் மனத்தில் தோன்றவேயில்லை. பசித்தது, தின்றேன் என்று சொல்லும் உரிமை ஏவப்பட்டவருக்கும் இல்லை. உண்மையைச் சொல்ல வழியில்லாதவன் அசட்டுத் தர்க்கத்தில் புகலடைகிறான். அந்தத் தர்க்கத்தை ஆண்டவராலும் உடைக்க முடியவில்லை. நாம் சிரிப்பது அங்கேதான்.

தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு இது புதிய கதையன்று. 1938இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்று வரும் கூலியாட்களின் குடியேற்றத்தைத் தடுக்கும் வரையில், கங்காணி முறை நம் முன்னோரை ஆண்டது. வேலைக்கு இறங்கும் ஆளுக்கு இவ்வளவென்று கங்காணி தலைக்காசு பெற்றார். சில தோட்டங்களில் அவரே கடையும் வைத்திருந்தார். அரிசியும் கருவாடும் கடனாகக் கணக்கில் ஏறின. எண்ணுகிறவர் ஒருவர், உண்கிறவர் வேறொருவர் என்னும் ஏற்பாட்டை நன்கறிந்தவர் நாம். ஆதலின் செந்தில் அடிபடும்போது நமக்கு வரும் சிரிப்பை நாமே பரிசோதித்துக்கொள்வது நலம். எண்ணுகிறவர் திணறுவதைக் கண்டு சிரிப்பது நியாயம். எளியவன் உதைபடுவதைக் கண்டு சிரிப்பது நம் பாட்டனாரையே பார்த்துச் சிரிப்பதாகும். இவ்விருவரின் பல காட்சிகளில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன என்பதை மறைப்பதற்கில்லை.

2009ஆம் ஆண்டின் 'வெண்ணிலா கபடிக்குழு' இதற்கு மாறானது. பரோட்டாப் பந்தயத்தில் கடைக்காரர் தாம் போட்ட கோடுகளின் கணக்கில் வம்பு செய்கிறார். சூரியோ கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார். இங்கே கெஞ்சலும் இல்லை, அடியும் இல்லை. உன் கணக்கிலேயே உன்னை வெல்கிறேன் என்னும் சமத்துவம் இருக்கிறது. இருபது ஆண்டுகளில் ஏவலாளின் பசி ஓர் ஆளின் பசியாக உயர்ந்திருக்கிறது என்றே நாம் கொள்கிறோம்.

கிளேபாங் கடற்கரைப் பக்கம் தேங்காய்ப் பானம் விற்கும் கடைகளில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கக் காண்கிறோம். முன்னே வந்தவர் முன்னே பெறுகிறார். அங்கே சாதியும் அந்தஸ்தும் செல்லா. ஆனால் அப்பானத்தைக் குடித்து வீடு திரும்பும் நம் ஆடவர், சமைத்தவளைக் கடைசியில் உட்காரவைத்து, சட்டியின் அடியில் எஞ்சியதை அவளுக்கு விட்டுவிடுகின்றனர். இரண்டாவது பழம் எங்கே என்று கவுண்டமணி கேட்டதற்காகச் சிரித்த நாம், அடுப்படியில் அக்கேள்வியைக் கேட்டதுண்டா? இன்றிரவு இலை போடும்போது ஒவ்வொரு வீட்டிலும் இதனைக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.